ஆந்தைக்கண் மூட்டை

காலையில் அப்பா எழுந்து கதவைத் திறப்பார். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுப்பார். அடுப்பைப் பற்ற வைப்பார். பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஷாலினி மேரியை எழுப்புவார். அவள் பல் தேய்ப்பாள், குளிப்பாள், சீருடை போடுவாள், முக்காலியில் வந்து உட்காருவாள். அப்பா சீப்பை எடுத்து அவளுக்கு வகிடு எடுப்பார்.

இரட்டைப் பின்னல். மடித்துக் கட்டிச் சிவப்பு ரிப்பன். பள்ளிக்கூடத்தில் அதுதான் விதி. அப்பா போடும் பின்னல் ஒன்று காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொங்கும். ஷாலினி ஒன்றும் சொல்ல மாட்டாள். இரண்டு பேரும் தோசை சாப்பிடுவார்கள். அப்பா வண்டியில் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். "வரேன்" என்பார். அவ்வளவுதான்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. ஆனால் வாசலில் நின்ற தமிழ்மொழி அவள் பின்னலைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். இருவரும் ஐந்தாம் வகுப்பு. ஒரே பெஞ்சு.

"ரிப்பன்ல என்னாடி வெள்ளையா?"

ஷாலினி பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். சிவப்பு ரிப்பனில் ஒரு விரல் தடம். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அப்பாவின் விரல்.

அப்பா குளித்துவிட்டுத்தான் தலை பின்னினார். குளித்த பிறகும் விரல் வெள்ளையாக இருக்குமா?

அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்த மூட்டை நினைவுக்கு வந்தது.

அப்பா மரிய ஆல்பர்ட், ரெட்டிபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பெரிய சிமெண்ட் ஆலை இல்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பூசுவார்களே, பட்டி, அந்த வெள்ளைப் பொடியை அரைத்து மூட்டை போடுகிற இடம். அப்பா வேதியியல் படித்தவர். பொடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

அந்தப் பக்கத்தில் காலி மூட்டையை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். மிளகாய் காய வைப்பார்கள், கால்மிதி போடுவார்கள், குளியலறைக்குக் கதவு இல்லாவிட்டால் திரை கட்டுவார்கள். அப்பாவும் ஒரு புது மூட்டையைப் பிரித்துக் கொல்லைப்பக்கக் குளியலறைக்குத் திரையாகக் கட்டியிருந்தார்.

அதில் ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் ஒரே ஒரு கண். கீழே 'ஆந்தைக்கண்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, 'பூசினால் அசையாது.'

ஷாலினி அந்தக் கண்ணை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள். டிவியில்.

'அணில் சொக்கி' என்ற கார்ட்டூனில் ஒரு ஊர் வரும். அந்த ஊரில் எல்லாச் சாமானுக்கும் ஒரு பேர் உண்டு. குபுக் சோடா குடித்தால் கால் தரையை விட்டு எழும்பிவிடும். மினுக் சோப்புப் போட்டுக் குளித்தால் நிழல்கூடப் பளபளக்கும். ஆந்தைக்கண் சிமெண்ட் மட்டும் கெட்டது. ஒரு பொல்லாத ஆந்தை அதைச் செய்து ஊருக்கெல்லாம் விற்கும். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் வெள்ளைக் கல்லாகிவிடுவார்கள்.

உடனே ஆக மாட்டார்கள். அதுதான் பயம். முதலில் சிரிப்பு போகும். பிறகு பேச்சு குறையும். பிறகு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விரல் நுனி வெளுக்கும். கடைசியில் கூப்பிட்டால் காது கேட்காது.

அந்தக் கார்ட்டூனை அம்மாவும் பார்ப்பார். பார்க்காத மாதிரி வெண்டைக்காய் நறுக்குவார். "சத்தத்தைக் கொறைடி" என்பார். குறைத்தால், "ஒண்ணும் கேக்கல" என்பார்.

ஊர்த் தபால்காரரை ஆந்தை கல்லாக்கிய வாரத்தில்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் அரியலூரில் காட்டினார்கள். பிறகு திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா திரும்பி வரவில்லை.

அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று மாதா கோயிலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். "எம்பிள்ளைய நல்லா பாத்துக்கங்க" என்று சொன்னாராம். அத்தை அப்படித்தான் சொன்னார். சாமியாரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் டிவியில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. நீலத் திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அப்பா மறுபடி போடவில்லை. ஷாலினி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியது. கல்லானவர்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

இடைவேளையில் எல்லாவற்றையும் தமிழ்மொழியிடம் சொன்னாள். தமிழ்மொழி வீட்டில் டிவி ஓடுகிறது. கடைசிக் கதையை அவள் பார்த்திருந்தாள்.

"கல்லானவங்க என்னாடி ஆனாங்க?"

"எல்லாம் நல்லா ஆயிட்டாங்க. டான்ஸ் ஆடுனாங்க."

"எப்படி நல்லா ஆனாங்க?"

தமிழ்மொழி தலையைச் சொறிந்தாள். "அந்த நேரம் பாத்துக் கருவேப்பில வாங்கியாரச் சொல்லிட்டாங்க எங்கம்மா. வந்து பாத்தா ஆடிக்கிட்டு இருக்காங்க."

ஷாலினிக்கு அழுகை வரும்போல இருந்தது. தமிழ்மொழி அவளைப் பள்ளிக்கு எதிரே இருந்த அரியமுத்து கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பச்சை நிறத்தில் பாட்டில்கள் தொங்கின. மேலே குபுக் என்று போட்டு ஒரு அணில் படம் இருந்தது. யார் வரைந்தார்களோ, அணிலுக்கு எலி வால்.

கார்ட்டூனில் வருகிற பேரை யாராவது பார்த்துப் போட்டுக்கொள்வார்கள், அது அந்த நிஜச் சாமான் ஆகிவிடாது என்று தமிழ்மொழி சொன்னாள். வேண்டுமானால் குடித்துப் பார்க்கலாம் என்றாள்.

பாதி பாட்டிலைக் குடித்தாள். ஷாலினி அவள் காலையே பார்த்தாள். கால் எழும்பவில்லை. ஒரு பெரிய ஏப்பம்தான் வந்தது.

"செருப்பு கனம்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி குடித்தாள். இன்னொரு ஏப்பம். அரியமுத்து கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, பொய்யி. அப்ப ஆந்தையும் பொய்யி" என்றாள் தமிழ்மொழி.

ஷாலினிக்கு மூச்சு லேசானது. ஒரு நிமிடம்தான். சாத்தனூர் நினைவுக்கு வந்துவிட்டது.

போன மாதம் பள்ளியில் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். வேலிக்குள் ஒரு மரம் நீளமாகப் படுத்திருந்தது. அது மரம் இல்லை. கல். ஒரு காலத்தில் மரமாக இருந்தது. மரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வந்து உட்கார்ந்துகொண்டது என்று அனிதா மேரி டீச்சர் சொன்னார். பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு சின்னத் துண்டைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். சில்லென்று இருந்தது.

"வெளியிலேருந்து பாத்தா மரம் மாதிரியேதான் இருக்கும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"சோடா பொய்யி, சரி. கல்லு மரம் பொய்யில்லையே. நாமதான தொட்டுப் பாத்தோம்" என்றாள் ஷாலினி.

தமிழ்மொழி மிச்சச் சோடாவை நீட்டினாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். தலை வெள்ளை. புருவம் வெள்ளை. கண் இமையில்கூட வெள்ளை. நேராக வீட்டுக்குள் வந்து டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. அதையே பார்த்தார்.

அம்மா இருந்தபோது இது நடக்காது. "வெளியிலயே நில்லுங்க" என்பார். அப்பா கொல்லைப்பக்கக் குழாயடியில் சட்டையை உதறுவார், முகம் கழுவுவார், பிறகுதான் உள்ளே விடுவார். காலையில் சாப்பாட்டுப் பையில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்டும் வைப்பார். நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டினாரா என்று சாயங்காலம் துண்டை எடுத்து மோந்து பார்ப்பார். இப்போது துண்டு ஆணியில் தொங்குகிறது.

ஷாலினி சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள். முதலில் தமிழ்மொழி செருப்பைக் கழற்றிவிட்டுப் பறக்கப் பார்த்த கதையைச் சொன்னாள். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். அப்பா "ம்" என்றார்.

சிரிப்பு இல்லை. பேச்சு இல்லை. ஒரே இடத்தைப் பார்க்கிறார். விரல் வெளுத்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

அவள் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா."

பதில் இல்லை.

"அப்பா."

நாற்காலி அசையவில்லை. அவள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அப்பாவின் புறங்கையைத் தொட்டாள். சொரசொரவென்று, சில்லென்று இருந்தது.

"அப்பா."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா. பசிக்குதா?"

அன்று குளியலறைப் பக்கம் அவள் போகவே இல்லை. படுத்த பிறகும் சுவரின் அந்தப் பக்கம் ஒரு கண் திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அப்பா மாதிரியேதான் இருக்கிறார். உள்ளே எவ்வளவு கல்லாகிவிட்டதோ.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. அப்பாவுக்கு வேலை உண்டு. போக வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயம். லீவு கிடையாது என்றார் அப்பா.

அவர் குளிக்கப் போனபோது ஷாலினி வண்டிச் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டாள்.

அப்பா சாவியைத் தேடினார். அலமாரியில் தேடினார், கட்டிலுக்கடியில் தேடினார். அவளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தமிழ்மொழி வீட்டில் போய் இருக்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்பா முன்பெல்லாம் திட்டுவார்.

அவள் உள்ளே வந்தாள். அடுப்பு மேடையில் அப்பாவின் சாப்பாட்டு டப்பா இருந்தது. சாவி தேடிய அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டார். தயிர்சோறு, ஊறுகாய். தொட்டுப் பார்த்தாள். டப்பா இன்னும் சூடாக இருந்தது.

அவளால்தான் அப்பா இன்று பட்டினி கிடக்கப் போகிறார்.

ஆந்தைக்கண் கம்பெனிக்குப் போகப் பயமாக இருந்தது. ஆனால் டப்பா அங்கே போயாக வேண்டும். பையில் வைத்தாள். ஆணியில் தொங்கிய பச்சைத் துண்டைப் பார்த்தாள். அதையும் எடுத்து வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் தமிழ்மொழி உடனே கிளம்பிவிட்டாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, தனக்கு எதற்குப் பயம், கல்லானால் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை எழுத வேண்டாமே என்றாள். தமிழ்மொழியின் அம்மா இரண்டு பேரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கம்பெனி வாசலிலேயே இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொன்னார்.

இறங்கியதும் தமிழ்மொழியின் வாய் நின்றுவிட்டது.

எல்லாம் வெள்ளை. வேப்பமரம் வெள்ளை. மதில் வெள்ளை. தகரக் கொட்டகை வெள்ளை. கேட்டுக்கு அருகே ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் வெள்ளை. அது அசையவில்லை. கேட்டில் பெரிதாக மஞ்சள் வட்டம். அதில் ஒற்றைக் கண்.

உள்ளே எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பேசினால் கேட்காத அளவு சத்தம்.

ஷாலினி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. சேலை வெள்ளை, முகம் வெள்ளை. கண் மூடியிருந்தது. ஒரு கையை இன்னொரு கை மேல் வைத்து, செதுக்கி வைத்த மாதிரி.

தமிழ்மொழி ஷாலினியின் கையைக் கிள்ளினாள். "ஆயிட்டாங்கடி" என்றாள்.

கல் கண்ணைத் திறந்தது.

"யாரு வூட்டுப் புள்ளைவ நீங்க? டீ வந்துருச்சா?"

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்த அம்மாவின் பேர் குஞ்சம்மாள். டீ நேரத்துக்கு முன்னால் கொஞ்சம் கண் அசந்திருக்கிறார். ஆல்பர்ட்டின் மகள் என்று தெரிந்ததும் உள்ளே கையைக் காட்டினார்.

எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஆள் நின்றிருந்தார். கைகள் தொங்கின. கொட்டுகிற பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரியே.

ஷாலினி கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். தொண்டை எரிந்தது. திரும்பவில்லை.

அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா இங்கே அல்லவா நிற்கிறார்.

கொட்டகை ஓரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவள் பச்சைத் துண்டை எடுத்து நனைத்தாள், பிழிந்தாள், நேராக அப்பாவிடம் போனாள். கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா திரும்பினார். வெள்ளை முகம். வெள்ளை இமைகள். அவளைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"குனிங்கப்பா."

சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் குனிந்தார். அவள் துடைத்தாள். நெற்றியைத் துடைத்தாள். புருவத்தைத் துடைத்தாள். வெள்ளைக்குக் கீழே மாநிறத் தோல் வந்தது. அப்பாவின் தோல். கன்னத்து மச்சம் வந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது.

அப்பா கையை நீட்டி எந்திரத்தை நிறுத்தினார். சத்தம் நின்றதும் காது இரைந்தது.

"ஏன் ஷாலு இங்க வந்த?"

அவள் சாப்பாட்டு டப்பா என்று சொல்ல வந்தாள். வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"நீங்க கல்லாயிக்கிட்டு இருக்கீங்களாப்பா?"

பிறகு எல்லாமே வந்துவிட்டது. ஆந்தை, மூட்டை, ரிப்பனில் இருந்த விரல் தடம், சாத்தனூர் மரம், அரிசி டின்னில் கிடக்கும் சாவி. அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சாத்தனூர் மரம் எப்போது கல்லானது தெரியுமா என்று கேட்டார். ரொம்ப நாளைக்கு முன்னால் என்றாள். அது இல்லை என்றார் அப்பா. மரம் செத்து, விழுந்து, மண்ணுக்குள் புதைந்த பிறகுதான் கல்லானது. உயிரோடு நின்ற மரம் எதுவும் கல்லானதில்லை.

"நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

"அப்ப ஏம்ப்பா சிரிக்கவே மாட்டேங்கிறீங்க?"

அவர் துண்டை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எந்திரம் நின்றதால் முதலாளி ராசாங்கம் ஓடி வந்தார். கட்டையான மனிதர். சட்டைப் பையில் பேனா. "ஏம்ப்பா ஆல்பர்ட்டு, கரண்டு போயிருச்சா?" என்றார். அப்பா எழுந்து நிற்பதற்குள் தமிழ்மொழிக்கு வாய் திரும்பிவிட்டது. ஆந்தைக்கண் என்ற பேரை யார் வைத்தது என்று முதலாளியிடமே கேட்டாள்.

ராசாங்கத்துக்கு ஒரே சந்தோஷம். தான்தான் என்றார். சுரேஷ்குமார் சலூனில் முடி வெட்ட உட்கார்ந்திருந்தாராம். டிவியில் சத்தமே இல்லை. சுரேஷ்குமார் செல்போனில் பாட்டுக் கேட்பதால் டிவியை ஊமையாக்கித்தான் வைப்பான். அதில் ஒரு ஆந்தை மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் விற்றது. ஊரே வரிசையில் நின்று வாங்கியது. பிறகு பார்த்தால் அத்தனை பேரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள்.

"என்னா ஸ்ட்ராங்குன்னு நெனச்சேன். அன்னிக்கே பேர மாத்திட்டேன்."

"சார், அது வில்லன் கம்பெனி" என்றாள் தமிழ்மொழி.

ராசாங்கம் அவளைப் பார்த்தார்.

"அந்த ஆந்தை கெட்ட ஆந்தை சார். தூசியப் போட்டு ஊரையே கல்லாக்கிருச்சு. அசையாம நின்னாங்கள்ல, அவங்கள்லாம் கல்லு."

ராசாங்கம் கொட்டகையைப் பார்த்தார். அடுக்கி வைத்த மூட்டைகளில் இருந்து எல்லாக் கண்களும் அவரைப் பார்த்தன. "நாலு ஊருக்கு அனுப்பிச்சிட்டேனேம்மா" என்றார். "குன்னம் வரைக்கும் போர்டு வச்சிருக்கேன்."

பேரை மாற்றிவிடச் சொல்லித் தமிழ்மொழி யோசனை சொன்னாள். அணில் என்று வைக்கலாம், அணில் ரொம்ப நல்லது.

ராசாங்கம் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். "அணிலு ஓடுமேம்மா. பட்டி செவுத்துல நிக்கணும்ல."

குஞ்சம்மாள்தான் முதலில் சிரித்தார். வெள்ளை முகத்தில் வாய் மட்டும் திறந்தது. அப்புறம் இன்னொரு சத்தம் கேட்டது. ரொம்ப நாள் நின்றுபோன வண்டியை உதைத்துக் கிளப்புகிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. ஷாலினி திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து பொடி உதிர்ந்தது.

அவள் பச்சைத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி நனைத்து வந்து, அவர் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

தனக்கும் அந்த மாதிரி ஒரு துண்டு வேண்டும் என்றார் குஞ்சம்மாள். ராசாங்கம் எல்லாருக்கும் மாஸ்க் வாங்கித் தருவதாகச் சொன்னார். புது மூட்டை அச்சடித்து வரும்வரை இருக்கிற மூட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கச் சொன்னார். அப்பா தயிர்சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஊறுகாயைத் தமிழ்மொழி சாப்பிட்டாள்.

மத்தியானமே இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்ட அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஷாலினி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"வெளியிலயே நில்லுங்க."

அப்பா நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சட்டையை உதறுகிற சத்தம் கேட்டது. குளியலறைத் திரையைக் கழற்றி, கண் உள்பக்கம் போகும்படி திருப்பிக் கட்டினார். பிறகு அதையும் வேண்டாம் என்று அவிழ்த்துவிட்டு ஒரு பழைய போர்வையைக் கட்டினார்.

உள்ளே வந்து செல்போனை எடுத்தார். எதையோ அழுத்தினார். நீலத் திரை போய் டிவியில் வண்ணம் வந்தது.

'அணில் சொக்கி' தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பழைய கதைகளைத்தான் மறுபடி போடுகிறார்களாம். இன்று தபால்காரர் கல்லாகிற கதை. நாளைக்கோ மறுநாளோ கடைசிக் கதை வந்துவிடும். இந்தத் தடவை யாரும் கருவேப்பிலை வாங்கக் கூப்பிடக் கூடாது.

அப்பா நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷாலினி ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அம்மா கடைசியா, எம்பிள்ளைய நல்லா பாத்துக்கங்கன்னுதான் சொன்னாங்களாப்பா?"

அப்பா டிவியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்படில்லாம் சொல்லல. அது இவங்களா சொல்லிக்கிறது."

திருச்சி ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனபோது அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று அப்பா குனிந்தாராம். அதற்குப் பிறகு அந்த ரீசார்ஜைப் போடத் தனக்குக் கை வரவே இல்லை என்றார்.

"என்னதாம்ப்பா சொன்னாங்க?"

அப்பா அம்மா மாதிரியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டிவிக்கு ரீசார்ஜ் முடியப் போவுது, போட்டு வுட்டுருங்க. அந்த ஆந்தை என்னாச்சுன்னு ஷாலுவப் பாத்து வைக்கச் சொல்லுங்க. நான் வந்து கேட்டுக்கிறேன்."